எம்.எஸ்சி. ஆடியாலஜி படிப்பதா, சேலத்திலேயே வேலையில் சேர்வதா?

தறிவீட்டுப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் ஜலகண்டாபுரம். சென்னையில பேச்சு, கேட்டல் பத்தின இளங்கலைப் படிப்பான பி.ஏ.எஸ்.எல்.பி. படிச்சு இப்ப இன்டர்ன்ஷிப் முடியற நேரம். அடுத்து என்னங்கறதுல வீட்ல ஒரே பேச்சா இருக்கு.

சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஹியரிங் எய்டு கடையில வேலைக்குக் கூப்பிடறாங்க. சம்பளம் போக, வித்த மெஷினுக்குத் தகுந்த மாதிரி ஊக்கத்தொகை. அப்பாவுக்கு நான் ஊர்ப்பக்கமே வந்துட்டா போதும். "படிச்ச வரைக்கும் போதும் கண்ணு"ங்கறார். அம்மா மட்டும், படிக்கணும்னா இப்பவே படிச்சிரு, கல்யாணப் பேச்சு வந்துட்டா அப்புறம் ஒண்ணும் நடக்காதுன்னு சொல்றாங்க.

எனக்குக் காது கேட்டல் பத்தின ஆடியாலஜிதான் பிடிச்சிருக்கு. வீட்ல விசைத்தறி. தறிச் சத்தத்துலயே பொறந்து வளர்ந்தவ நான். அப்பாகிட்ட எதுனாலும் ரெண்டு தடவை சொல்லோணும். படிப்புல சேர்ந்த பிறகுதான் அது வயசுக் கோளாறு இல்லைன்னே எனக்குப் புரிஞ்சுது.

கேக்க நினைக்கறது இதுதான். எம்.எஸ்சி. இல்லாம நல்ல ஆடியாலஜிஸ்ட் ஆக முடியாதா? சேர்றதா இருந்தா காலேஜ எதை வெச்சு முடிவு பண்றது? கூடப் படிச்ச ரெண்டு பேர் அமெரிக்கா போறாங்க, அதுக்கெல்லாம் எங்க வீட்ல வசதி இல்லை. ஆனா அங்க போனாத்தான் மதிப்புன்னு ஆளாளுக்குச் சொல்லும்போது மனசு ஆடுது. அனுபவப்பட்ட அண்ணன், அக்காமார் சொல்லுங்க.

மானசகங்கோத்ரி எழுதியது:

முதலில் சட்டப்படி நிலை என்ன என்று சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. இதிலேயே பலருக்குக் குழப்பம்.

இந்தியாவில் தொழில் செய்ய பி.ஏ.எஸ்.எல்.பி. போதும். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின், அதாவது ஆர்.சி.ஐ.யின், மையப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓர் ஆண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே இன்டர்ன்ஷிப் முடிந்த கையோடு பதிவுக்கு விண்ணப்பித்துவிடு. மேலே படித்தாலும் படிக்காவிட்டாலும் அந்த எண் வேண்டும்.

எம்.எஸ்சி. எதற்கு என்றால், கல்லூரியில் பாடம் நடத்த அது இல்லாமல் முடியாது. ஆராய்ச்சிக்கும் அதுதான் வாசல். பெரிய மருத்துவமனைகளில் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து உள்செவிக்குள் வைக்கும் கேட்புக் கருவி), தலைசுற்றல் பிரிவுகளுக்கு ஆள் எடுக்கும்போதும் முதுகலை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

நான் படித்தது மைசூரில், ஐஷ், அதாவது அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம். 1965-இல் தொடங்கிய நிறுவனம், மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருவது, பட்டம் மைசூரு பல்கலைக்கழகத்துடையது. நுழைவுத்தேர்வு உண்டு. கேள்வி எல்லாம் பி.ஏ.எஸ்.எல்.பி. பாடத்திலிருந்துதான் வரும். அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் தனியார் கல்லூரி அளவுக்குக் கடிக்காது. இப்போது படிப்பு சூட்டோடு இருக்கிறது, தேர்வை எழுதிவிடு. ஒரு வருஷம் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பவும் புத்தகத்தைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று என் வகுப்பிலேயே பலரைப் பார்த்திருக்கிறேன்.

அஸ்தம்பட்டி அக்கா எழுதியது:

மைசூர்த் தம்பி சொன்ன சட்ட விவரம் அத்தனையும் சரி. ஆனால் முதுகலை எதற்கு என்று கேட்டால் பாடம் நடத்த, வேலை கிடைக்க என்று மட்டும் சொன்னால் எனக்குப் போதவில்லை. சேலத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன். தினமும் என் முன்னால் வந்து உட்காரும் ஆட்களை வைத்துச் சொல்கிறேன்.

ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மலைக்கிராமத்திலிருந்து ஒரு குழந்தையைக் கொண்டு வந்தார்கள். நாலு மாசம். மூக்கெல்லாம் சளி. இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி, நேராக என்னிடம். அதற்கு முந்தைய வாரம் கீழே ஓர் இடத்தில் ஓ.ஏ.இ. (உள்செவி திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியைப் பதியும் சோதனை) எடுத்திருக்கிறார்கள், இரண்டு காதிலும் 'ரெஃபர்', அதாவது மேல்சோதனை தேவை. அங்கே யாரோ "குழந்தைக்குக் காது கேக்காதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் என் எதிரே உட்கார்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

நானும் ஓ.ஏ.இ. வைத்தேன். அதே ரெஃபர். அடுத்து செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி, அதுவும் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியில். பெரியவர்களுக்கு வைக்கும் 226 ஹெர்ட்ஸை ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வைத்தால் காதுக்குழாயின் சுவரே இளகி அசைந்து கொடுப்பதால் கோளாறு உள்ள காதும் சரியாக இருப்பதுபோலக் காட்டிவிடும். இந்தக் குழந்தைக்கு வரைபடத்தின் உச்சி எதிர்மறை அழுத்தப் பக்கம் தள்ளி நின்றது. விஷயம் அங்கேதான். மலையிலிருந்து இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். நடுச்செவியை மூக்கின் பின்பக்கத்தோடு இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் சளியால் அடைத்திருந்தால் நடுச்செவிக்குள் அழுத்தம் ஈடுகட்டாது, செவிப்பறை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்செவி அனுப்பும் மெல்லிய ஒலி அந்தப் பறையைத் தாண்டி மைக்குக்கு வரவே வராது. உள்செவி நன்றாக இருந்தாலும் கருவி ரெஃபர் என்றுதான் காட்டும்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினோம். சளி வடிந்த பிறகு வந்தபோது இரண்டு காதும் பாஸ். ஒலிக்குக் காது நரம்பில் எழும் மின்அலையைப் பதியும் பெராவும் எடுத்துப் பார்த்தோம், குறை ஒன்றுமில்லை.

கருவியை ஓட்டி முடிவை அச்சடிக்க யாருக்கு வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அச்சடித்த தாளை நம்பலாமா, நம்பக்கூடாது என்றால் அடுத்து எந்தப் பரிசோதனை, அதுவரைக்கும் அந்த அம்மாவிடம் என்ன பேசுவது என்று முடிவெடுக்கும் நிதானத்துக்குத்தான் மேற்படிப்பு. இளங்கலையில் பேச்சு, கேட்டல் இரண்டும் பாதிப் பாதி. முதுகலை இரண்டு வருஷமும் காது மட்டும்தான்: மின்உடலியங்கியல், குழந்தைகள் ஆடியாலஜி, உடல் சமநிலை, இம்ப்ளான்ட், ஒலியை மூளை பிரித்தறிவதில் வரும் கோளாறு, கூடவே ஓர் ஆய்வேடு.

காலேஜை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டாய். பேரைப் பார்க்காதே, போய்ப் பார். வெளிநோயாளிப் பிரிவில் ஒரு நாள் முழுக்க உட்காரு. எத்தனை பேர் வருகிறார்கள், என்ன மாதிரிக் கேஸ், மாணவர் ஒரு குழந்தைக்குப் பரிசோதனை செய்யும்போது பக்கத்தில் ஆசிரியர் நிற்கிறாரா, இல்லை முதல் வருஷத்துப் பிள்ளையைக் கடைசி வருஷத்துப் பிள்ளை மேய்க்கிறதா என்று பார். ஹியரிங் எய்டு மாட்டிய காதுக்குள் ஒலியை அளக்கும் ரியல் இயர் அளவுக் கருவி இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். போன வாரம் யாருக்கு வைத்தீர்கள் என்று கேள். தலைசுற்றல் நோயாளிக்கு வி.என்.ஜி., வெம்ப் போன்ற சமநிலைச் சோதனை எல்லாம் மாணவர் கையாலேயே எடுக்க விடுகிறார்களா, இம்ப்ளான்ட்டின் மின்அளவைப் பொருத்தும் மேப்பிங் அறைக்குள் விடுகிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்களா என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் தனியாக விசாரி. ஆர்.சி.ஐ. ஒப்புதல் ஒவ்வொரு படிப்புக்கும் குறிப்பிட்ட கல்வியாண்டுகளுக்குத்தான் தருவார்கள். நீ சேரும் வருஷத்துக்கு அது இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்திலேயே பார்த்துவிடு, அலுவலகத்தில் சொல்வதை மட்டும் நம்பாதே.

ஆத்தூர் டு அமெரிக்கா எழுதியது:

நான் ஆத்தூர்ப் பையன். இங்கே ஏயூடி படித்துக்கொண்டிருக்கிறேன். போகிறவர்களைத் தடுக்கவில்லை, தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஆடியாலஜிஸ்ட் ஆவதற்கு முதுகலை போதாது. ஏயூடி என்ற தொழில்முறை முனைவர் பட்டம் வேண்டும். பொதுவாக 4 வருஷம், கடைசி வருஷம் முழுக்க மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ பயிற்சி. சில இடங்களில் 3 வருஷத்தில் முடிக்கிறார்கள். நம் பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்தவர்களை நேரடியாகவே சேர்த்துக்கொள்கிறார்கள். எனவே அமெரிக்காதான் என்று முடிவு செய்தவர் இந்தியாவில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வந்தாலும் இங்கே பெரும்பாலும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். பட்டம் வாங்கினாலும் வேலை பார்க்கும் மாநிலத்தின் உரிமம் தனி. ஸ்பீச் பக்கம் போனால் 2 வருஷ முதுகலை போதும், அதனால்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இங்கே வந்து ஸ்பீச்சுக்கு மாறுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் 2 வருஷ முதுகலை. மெல்பர்ன், மக்குவாரி, குயின்ஸ்லாந்து போன்ற பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. செலவு அங்கும் நம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரம்தான். என் வீட்டில் நிலத்தை வைத்துத்தான் கடன் வாங்கினோம். வட்டி ஓடுவதை நினைத்தால் சில ராத்திரி தூக்கம் வராது.

இங்கே நான் கற்றுக்கொண்டவற்றில் பெரிதாக நினைப்பது வேலை செய்யும் ஒழுங்கை. ஹியரிங் எய்டு மாட்டினால் காதுக்குள் மெல்லிய குழாய் மைக் வைத்து அளக்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்ப விடமாட்டார் எங்கள் ஆசிரியர். அந்தக் கருவியும் அந்தப் பழக்கமும் நம் நாட்டு நல்ல கல்லூரிகளிலும் கிடைக்கும். அதற்காக மட்டும் கடல் தாண்ட வேண்டியதில்லை.

தறிவீட்டுப்பொண்ணு எழுதியது:

ரொம்ப நன்றிங்க அண்ணா. வீட்ல இதைப் படிச்சே காட்டிட்டேன். அமெரிக்கா பேச்சு அதோட முடிஞ்சுது.

அக்கா, ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கடையில ஒரு வருஷம் வேலை பார்த்துட்டு அப்புறம் எம்.எஸ்சி. போனா, கைப்பழக்கம் வந்த பிறகு படிக்கற மாதிரி இருக்காதா? கொஞ்சம் காசும் சேரும்.

காதுமூக்குதொண்டை எழுதியது:

நான் ஆடியாலஜிஸ்ட் இல்லை, அவர்கள் தரும் அறிக்கையை நம்பி அறுவை செய்கிறவன். சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறேன். கடை வேலை பற்றி ஒரு வார்த்தை.

மாசம் இத்தனை மெஷின் விற்றாக வேண்டும் என்று இலக்கு வைக்கும் இடத்தில் புதிதாக வந்த பிள்ளை கற்றுக்கொள்வது விற்பனை. ஒரு பாட்டிக்குக் காதில் மெழுகு அடைத்திருந்தது. எடுத்திருந்தால் பாதிக் குறை தீர்ந்திருக்கும். அதைப் பார்க்காமலேயே இரண்டு காதுக்கும் மெஷின் மாட்டி என்னிடம் வந்தார்கள். மாட்டிய பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். காதுக்குள் பார்க்க ஆட்டோஸ்கோப் கூட அவள் கையில் கொடுத்திருக்கவில்லை. ஒரு காதில் மட்டும் நரம்புக் குறை, கூடவே இரைச்சல் என்று வந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொல்லி அனுப்ப வேண்டும், நரம்பில் கட்டி இருக்கலாம். விற்பனை இலக்கு தலைக்கு மேல் தொங்கும்போது அப்படி அனுப்ப மனம் வராது. முதல் வேலையில் படிந்த பழக்கம் லேசில் போகாது அம்மா.

இன்னொன்று. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் மஞ்சள் காமாலை ஏறிக் கிடந்த குழந்தைகள் எங்களிடம் நிறைய வருகின்றன. அதில் சில குழந்தைக்கு ஓ.ஏ.இ. அருமையாகப் பாஸ் ஆகும். பெரா எடுத்தால் அலையே இராது, தட்டைக் கோடு. உள்செவியின் புற மயிர்ச்செல்கள் வேலை செய்கின்றன, நரம்புக்குப் போகும் செய்திதான் சிதறிப்போகிறது. ஆடிட்டரி நியூரோபதி என்கிறோம். ஓ.ஏ.இ. மட்டும் எடுத்துக் 'காது நல்லா இருக்கு' என்று அனுப்பிய குழந்தை மூன்று வயதில் பேச்சு வரவில்லை என்று திரும்பி வரும்போது எனக்கு வயிறு கலங்கும். பிறந்து 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்ற வரிசை இருக்கிறதே, அதில் நடுக்கண்ணி ஆடியாலஜிஸ்ட்தான். அந்தக் கண்ணி இந்தப் பக்கம் மெலிந்து கிடக்கிறது.

நம் பக்கம் மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் அதிகம். பிறவிச் செவிக்குறையில் பாதிக்கு மேல் மரபணுவால் வருவது. அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்தால் மட்டும் குறையைக் காட்டும் ஒடுங்கிய மரபணு அப்படிச் சேர்ந்து குழந்தைக்கு வரும் வாய்ப்பு சொந்தத்தில் கட்டினால் கூடுகிறது, ஜி.ஜே.பி.2 என்ற மரபணு அதில் பேர்போனது. இதை ஒரு இளம் தாயிடம் அவள் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? பழி அவள் தலையில் விழாமல் சொல்லத் தெரிய வேண்டும். நல்ல முதுகலைப் படிப்பில் இதற்கென்று ஆலோசனைப் பயிற்சி தருகிறார்கள்.

ஏற்காட்டம்மா எழுதியது:

என் மகனுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் வெச்சிருக்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல நடந்துச்சு, ஆறு வயசுக்குள்ள இருந்ததால முடிஞ்சுது. நாங்க எஸ்டேட்ல வேலை. மேப்பிங்குக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் கீழ இறங்கி வரோணும். மழைக்காலத்துல மலைப்பாதையில மண்ணு சரிஞ்சா பஸ் இல்ல, அந்த வாரம் போச்சு.

இந்தப் பாப்பா கேட்டதப் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. மேப்பிங்னா என்னன்னு வெளியில யாருக்கும் தெரியாது. உள்ள வெச்சிருக்கற வயர்ல இருபத்திரண்டு புள்ளி இருக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு கரன்ட் குடுத்தா லேசா கேக்கும், எவ்வளவு குடுத்தா தாங்கும்னு பார்த்து வெக்கோணும். பெரியவங்கன்னா வாய்விட்டுச் சொல்லிருவாங்க. என் பையனுக்கு அப்ப ரெண்டரை வயசு. அவனுக்குச் சத்தம்னாலே என்னன்னு தெரியாது.

அந்த மேடம் கம்ப்யூட்டரப் பார்த்ததவிட இவன் மூஞ்சியப் பார்த்ததுதான் அதிகம். கையில ஒரு மணி குடுத்துக் கன்னத்துகிட்ட வெச்சுக்கச் சொன்னாங்க. கரன்ட்ட ஒரு பொட்டு ஏத்துவாங்க, காத்திருப்பாங்க. இன்னொரு பொட்டு. ஒரு நேரத்துல இவன் விளையாட்ட விட்டுட்டு அப்படியே நின்னான், கண்ணு மட்டும் மேல போச்சு. உடனே மேடம் அவன் கையப் பிடிச்சு மணிய டப்பாக்குள்ள போட வெச்சு, கை தட்டிச் சிரிச்சாங்க. மூணாவது தடவை அவனே போட்டான். கொஞ்சம் அதிகமா ஏறிட்டா புள்ள பயந்து அழுவான், அப்புறம் மெஷினையே காதுல வெக்க விடமாட்டான்னு மேடம் சொன்னாங்க. அதனாலதான் அவ்வளவு பொறுமை.

அந்த மேடம் வேற ஊருக்குப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அங்க வர்றவங்க நிலைக்கறதே இல்ல. ஒவ்வொரு முறையும் புது ஆளு. புது ஆளுக்கு முன்னாடி இவன் வாயே திறக்க மாட்டான். முதல்ல இருந்து கதை சொல்லோணும். இப்ப ரெண்டாவது படிக்கறான், ஸ்கூல்ல பாட்டுப் பாடறான். ஆனா இன்னும் எத்தனையோ வருஷம் மேப்பிங் இருக்கு. அதனால பாப்பா, நல்லாப் படி, எவ்வளவு வேணா படி. படிச்சுட்டு இந்தப் பக்கம் வா.

மானசகங்கோத்ரி எழுதியது:

ஏற்காட்டம்மா எழுதியதைப் படித்த பிறகு நான் சொல்ல வந்ததைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். படிப்பை உடனே தொடர வேண்டும் என்பதில் மாற்றமில்லை. எந்தக் கல்லூரி என்பதில்தான்.

தங்கச்சி, ஆடியாலஜி தனி, ஸ்பீச் தனி என்று பிரித்து எம்.எஸ்சி. தரும் இடங்கள் உண்டு. மைசூர் ஐஷ், சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா, மணிப்பால் எல்லாம் அந்த வகை. இரண்டையும் சேர்த்து எம்.ஏ.எஸ்.எல்.பி. என்று தரும் இடங்களும் உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள தேசியப் பேச்சு, கேட்டல் நிறுவனமான நிஷ் அப்படி. பெருநகர மருத்துவமனை வேலைக்குத் தனி ஆடியாலஜி நல்லது. சேலம் மாதிரி ஊரில் தனியாகக் கிளினிக் போடப்போகிறவருக்குச் சேர்ந்த படிப்பும் கைகொடுக்கும், இம்ப்ளான்ட் வைத்த குழந்தை மேப்பிங்குக்கும் வரும், பேச்சுப் பயிற்சிக்கும் வரும். அக்கா இதில் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

மைசூரில் கேஸ் குவியும். ஆடிட்டரி நியூரோபதியே அங்கே நிறையப் பார்த்தேன். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் கன்னடம் பேசுகிறவர்கள். வரலாறு கேட்கவும் பேச்சுச் சோதனை எடுக்கவும் நான் கன்னடம் கற்றுக்கொண்டேன், அது நல்லதுதான். ஊருக்குத் திரும்பியதும் தமிழ்ச் சொற்பட்டியலை வைத்துப் பேச்சறிதல் சோதனை எடுக்கக் கையும் காதும் மறுபடி பழக வேண்டியிருந்தது. வாழப்பாடிப் பெரியவர் சொல்வது தப்பா, அவர் ஊர் உச்சரிப்பே அதுதானா என்று பிரித்தறியத் தெரியாவிட்டால் மதிப்பெண் தப்பாகிவிடும். தமிழ்நாட்டிலேயே படித்தால் இந்தச் சிக்கல் இல்லை.

அஸ்தம்பட்டி அக்கா எழுதியது:

தம்பி கேட்டதற்கு: எனக்குத் தனி ஆடியாலஜிதான் சரி என்று படுகிறது. சேர்ந்து படித்தால் வி.என்.ஜி., மேப்பிங் போன்றவற்றில் கை ஊறும் நேரம் பாதியாகிவிடும். பேச்சுப் பயிற்சிக்கு பி.ஏ.எஸ்.எல்.பி.யில் கற்றதை வைத்துத் தொடங்கி, அந்தத் துறையில் படித்த ஒருவரைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். இதில் நம் இரண்டு பேருக்கும் ஒத்துவராது, பரவாயில்லை. அந்தப் பிள்ளை இரண்டையும் கேட்டு முடிவு செய்யட்டும்.

பாப்பா, ஒரு வருஷம் வேலை பார்ப்பது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை, இடம்தான் தப்பு. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் ஆடியாலஜிஸ்ட் பணியிடம் உண்டு. 2013-இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின் கீழ் வருவது. தொகுப்பூதியம்தான், சம்பளம் பெரிதாக இராது. ஆனால் அங்கன்வாடியிலிருந்தும் பள்ளியிலிருந்தும் அனுப்பும் குழந்தைகள் அங்கேதான் வருவார்கள். இடம் காலியாக இருந்தால் அங்கே போ. இல்லாவிட்டால் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேள். டாக்டர் எச்சரித்த மாதிரி விற்பனை இலக்கு வைக்கும் கடைக்கு மட்டும் போகாதே.

இளம்பிள்ளைத் தறிக்காரர் எழுதியது:

என் மகள் பி.ஏ.எஸ்.எல்.பி. சேரலாமான்னு பார்க்க இந்தப் பக்கம் வந்தேங்க. படிச்சுட்டே வந்தேன், ஒரு கேள்வி.

எங்க கூடத்துல ஓட்டறவங்க நாலஞ்சு பேருக்குக் காது மந்தம். "தறிக்காரன் காது அப்படித்தான்"னு எங்கப்பா காலத்துலருந்தே சொல்லிச் சொல்லி நாங்களும் விட்டுட்டோம். பஞ்சு உருட்டி வெச்சுக்கறாங்க. அதுல பிரயோசனம் உண்டுங்களா? இந்தப் படிப்புல இதுக்கெல்லாம் ஏதாவது சொல்லித்தர்றாங்களா, இல்ல ஆஸ்பத்திரிக் குழந்தைங்களுக்கு மட்டுந்தானா?

அஸ்தம்பட்டி அக்கா எழுதியது:

ஐயா, நல்ல கேள்வி. இந்த ஊர்க்காரர்கள் அதிகம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

பஞ்சு உதவாது. சத்தத்தில் ஏதோ கொஞ்சம் குறையும், காதைக் காப்பாற்றும் அளவுக்குக் குறையாது. நுரையில் செய்த காதடைப்பான் இருக்கிறது, விலை குறைவு. அதை விரலில் நன்றாக உருட்டி ஒடுக்கி, இன்னொரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, விரிந்து அடைக்கும் வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைத்தும் பயனில்லை.

காது எவ்வளவு தாங்கும் என்பதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. 100-க்குப் போனால் 15 நிமிஷம்தான். நம் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 வரை விடுகின்றன. பழைய தறிகள் நெருக்கமாக ஓடும் கூடத்தில் ஒருவர் காதோடு வாய் வைத்துக் கத்தினால்தானே கேட்கிறது? அந்தக் கூடம் இந்த அளவுகளைத் தாண்டிவிட்டது என்பதற்கு அதுவே போதும்.

தறி ஓட்டுகிறவரின் ஆடியோகிராமை, அதாவது கேட்கும் திறனின் வரைபடத்தைப் பார்த்தால் கோடு 2,000 ஹெர்ட்ஸ் வரை சமமாக வரும், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாக இறங்கும், 8,000-இல் சற்று ஏறும். தொடக்கத்தில் அவருக்கே தெரியாது. தறி நின்றால் தெரிகிறது, ஆள் கூப்பிட்டால் தெரிகிறது. பேத்தி பேசும்போது மட்டும் ச, ஸ, த போன்ற எழுத்துகள் நழுவிப்போய், 'முணுமுணுன்னு பேசறா' என்பார். போன கேட்டல் திரும்பி வராது, அதனால் மீதியைக் காப்பதுதான் வேலை. சத்தத்தால் வரும் செவிக்குறை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. ஆனால் வீட்டோடு ஒட்டி ஓடும் சின்னக் கூடங்கள் அந்த வளையத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன, யாரும் வந்து அளப்பதில்லை.

படிப்பில் இதெல்லாம் கட்டாயம் உண்டு. ஒலியளவு மீட்டர் பிடித்து அளப்பது, தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனைத் திட்டம் வகுப்பது, காதடைப்பான் தேர்ந்தெடுப்பது எல்லாம் பாடத்தில் வரும். படித்துவிட்டு இதைத் தொழிலாகச் செய்ய வருகிறவர்கள்தான் குறைவு. ஐயா, மகளைத் தயங்காமல் சேருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்திருக்க வேண்டும்.

தறிவீட்டுப்பொண்ணு எழுதியது:

அக்கா, நீங்க எழுதினதை அப்பாவுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். பேத்தின்னு வந்த இடத்துல, "அது என்னையத்தான் எழுதியிருக்காங்க"ன்னார். கடை வேலை வேண்டாம்னு அவரே சொல்லிட்டார்.

முடிவு பண்ணிட்டேன். இந்த வருஷமே நுழைவுத்தேர்வு எழுதறேன், மைசூருக்கும் சென்னைக்கும் ரெண்டுக்கும். தனி ஆடியாலஜிதான். மைசூர் அண்ணா மன்னிக்கோணும், சேர்ந்த படிப்புப் பக்கம் மனசு போகலை. போறதுக்கு முன்னாடி ரெண்டு காலேஜுலயும் வெளிநோயாளிப் பிரிவுல ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துட்டு வர்றேன்.

ரெண்டாவது வருஷ ஆய்வேட்டுக்கு விசைத்தறித் தொழிலாளர் கேட்டல் எடுத்துக்கலாம்னு ஆசை. சின்னக் கூடங்கள், அதுவும் பொம்பளைங்க ஓட்டறது. இளம்பிள்ளை ஐயா, அப்படி நடந்தா உங்க கூடத்துல அளக்க விடுவீங்களா?

இளம்பிள்ளைத் தறிக்காரர் எழுதியது:

தாராளமா வாம்மா. எங்க கூடம் மட்டுமில்ல, பக்கத்துத் தெருவுலயும் சொல்லி வெக்கறேன். ஆனா ஒண்ணு, காது போச்சுன்னு தெரிஞ்சா முதலாளி வேலையவிட்டு நிறுத்திருவார்னு ஓட்டறவங்க பயப்படுவாங்க. அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு வா.

அஸ்தம்பட்டி அக்கா எழுதியது:

ஐயா சொன்ன பயம் நிஜம். அதற்குத்தான் நெறிமுறைக் குழு இருக்கிறது. கல்லூரிக் குழுவின் ஒப்புதல் கையில் வராமல் ஒருவர் காதிலும் ஹெட்போன் வைக்காதே. சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கு. தனி ஆள் முடிவு எதுவும் தறிக்கூடத்து உரிமையாளருக்குப் போகாது என்று அதிலேயே எழுதிவிடு. உரிமையாளருக்குக் கூடத்தின் ஒலி அளவு மட்டும் தெரிந்தால் போதும்.

இன்னொரு விஷயம், இதைத் தவறவிட்டால் எடுத்த அளவு அத்தனையும் வீண். தறி ஓட்டிவிட்டு வந்தவருக்கு உடனே ஆடியோகிராம் எடுத்தால் அன்றைய சத்தத்தால் தற்காலிகமாக மங்கியதும் சேர்ந்து வரும். குறைந்தது 14 மணி நேரமாவது சத்தம் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். வார லீவு முடிந்து தறி ஓட்டப் போவதற்கு முன்னால், காலையிலேயே எடுப்பது மாதிரி வைத்துக்கொள். அறையின் சத்தத்தையும் அளந்து குறித்துக்கொள். தெருவில் அடுத்த வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தால் 500 ஹெர்ட்ஸ் அளவே தப்பாக வரும், ஊருக்கு வெளியே பள்ளிக்கூடமோ ஆரம்ப சுகாதார நிலையமோ கிடைத்தால் அங்கே வரச்சொல்வது நல்லது. ஒலியளவு மீட்டர் என்னிடம் ஒன்று இருக்கிறது. தேவைப்படும்போது அளவுதிருத்தம் செய்து வைக்கிறேன், எடுத்துக்கொண்டு போ.